தக்காளி ரகங்களின் நிறம்: விவரிப்பும் பெயரிடலும்

தக்காளிப் பழத்தின் நிறம் ஒரே அடுக்கிலிருந்து வருவதன்று. தோலில் உள்ள மஞ்சள் நிறமி, சதையில் உள்ள கரோட்டினாய்டுகள், பழுத்த பின்னும் சில ரகங்களில் எஞ்சும் பச்சையம், வேறு சிலவற்றில் தோலோடு ஒட்டியிருக்கும் ஊதா நிறமி ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தே கண்ணுக்குத் தெரியும் நிறத்தைத் தருகின்றன. ஒரு ரகத்தைச் சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று ஒற்றைச் சொல்லால் அழைப்பது சந்தைக்குப் போதுமானது. ரகத்தை அடையாளம் காணவும், விதைத் தூய்மையைச் சரிபார்க்கவும், புதிய ரகம் உருவாக்கவும் அந்த ஒற்றைச் சொல் போதாது. அங்கே தோலின் நிறத்தையும் சதையின் நிறத்தையும் தனித்தனியே குறிப்பதே முறை.

நிறமிகள்

காயின் பச்சை நிறத்துக்குப் பச்சையம் காரணம். பழம் முதிரும்போது எத்திலீன் வாயுவின் தூண்டுதலால் பச்சையம் சிதைகிறது; அதைத் தாங்கியிருந்த பசுங்கணிகங்கள் கரோட்டினாய்டுகளைச் சேமிக்கும் வண்ணக்கணிகங்களாக மாறுகின்றன. சிவப்புத் தக்காளியில் மிகுதியாகச் சேரும் கரோட்டினாய்டு லைக்கோப்பீன். 40 கார்பன் அணுக்கள் கொண்ட அதன் மூலக்கூறில், ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி அமைந்த நீண்ட தொடரில் 11 இரட்டைப் பிணைப்புகள் உள்ளன. இந்த அமைப்பு நீல, பச்சை ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் எஞ்சிய ஒளி சிவப்பாகத் தெரிகிறது.

கரோட்டினாய்டுகள் செல்லுக்குள் படிப்படியாக உருவாகின்றன. முதற்படியில் நிறமற்ற ஃபைட்டோயீன் தோன்றும்; பல மாற்றங்களுக்குப் பின் அது லைக்கோப்பீனாகும்; லைக்கோப்பீனின் முனைகள் வளையமானால் பீட்டா கரோட்டின் முதலியவை கிடைக்கும். இந்தத் தொடரின் எந்தப் படியில் தடை விழுகிறது, எந்தப் படி வேகமடைகிறது என்பதைப் பொறுத்தே சதையின் நிறம் அமைகிறது. தோலின் மஞ்சள் நிறத்துக்குக் காரணம் கரோட்டினாய்டு அன்று. நாரிஞ்செனின் சால்கோன் என்னும் ஃபிளேவனாய்டு.

சிவப்பும் இளஞ்சிவப்பும்

சிவப்புத் தக்காளிக்கும் இளஞ்சிவப்புத் தக்காளிக்கும் சதையில் வேறுபாடு இல்லை. இரண்டின் சதையிலும் லைக்கோப்பீனே மிகுந்திருக்கும். சதையின் மேல் மஞ்சள் தோல் இருந்தால், மஞ்சள் கண்ணாடித்தாள் வழியே பார்ப்பது போல, பழம் ஆரஞ்சுச் சாயல் கலந்த சிவப்பாகத் தோன்றும். தோல் நிறமற்றிருந்தால் அதே பழம் ரோஸ் சாயல் கொண்ட இளஞ்சிவப்பாகத் தெரியும். தோலில் மஞ்சள் நிறமி உருவாவதை ஒரு மரபணு கட்டுப்படுத்துகிறது. நிறமற்ற தோல் ஒடுங்குபண்பு; ஆகவே சிவப்பு ரகத்தையும் இளஞ்சிவப்பு ரகத்தையும் கலந்தால் முதல் தலைமுறைப் பழங்கள் சிவப்பாகவே இருக்கும்.

அமெரிக்காவின் பழைய ரகமான பிராண்டிவைன், ஜப்பானின் தக்கீ விதை நிறுவனம் 1985இல் வெளியிட்ட மொமொதாரோ ஆகியவை இளஞ்சிவப்பு வகையைச் சேர்ந்தவை. ஜப்பானில் பச்சையாகச் சாப்பிடும் தக்காளியில் இளஞ்சிவப்பும், சாறும் சாஸும் தயாரிக்கும் தக்காளியில் சிவப்பும் மிகுதி.

மஞ்சளும் வெள்ளையும்

ஃபைட்டோயீனை உருவாக்கும் நொதியின் மரபணு பழத்தில் செயலிழந்தால் கரோட்டினாய்டுத் தொடர் தொடக்கத்திலேயே தடைப்படும். லைக்கோப்பீன் இல்லாத அந்தச் சதை வெளிர்மஞ்சளாக இருக்கும். அதன்மேல் மஞ்சள் தோல் அமைந்தால் பழம் பளிச்சென்ற மஞ்சளாகும்; நிறமற்ற தோல் அமைந்தால் தந்த நிறத்தை ஒட்டிய வெளிர் நிறமாகும். கிரேட் ஒயிட் போன்ற ‘வெள்ளை’ ரகங்கள் இந்த இரண்டாம் வகையை ஒட்டியவை. அவை முழு வெண்மை அடைவதில்லை. நன்கு பழுத்தாலும் வெயில் பட்டாலும் மஞ்சள் சாயல் கூடும். ஆகவே விவரிப்பில் ‘பாலேட்டு நிறம்’ என்பது ‘வெள்ளை’ என்பதைவிடத் துல்லியமானது.

ஆரஞ்சு

ஆரஞ்சு நிறம் வெவ்வேறு காரணங்களால் வரக்கூடியது. ஜூபிலி போன்ற ரகங்களில் லைக்கோப்பீனின் வடிவத்தைச் சீராக்கும் நொதி செயல்படுவதில்லை. அதனால் புரோலைக்கோப்பீன் என்னும் வளைந்த வடிவ மூலக்கூறு தேங்கி ஆரஞ்சு நிறம் தருகிறது. பீட்டா என்னும் மரபணு வடிவம் கொண்ட ரகங்களில் லைக்கோப்பீனின் பெரும்பகுதி பீட்டா கரோட்டினாக மாறிவிடுகிறது. இந்த வடிவம் காட்டுத் தக்காளி இனங்களிலிருந்து பயிர்த் தக்காளிக்குக் கொண்டுவரப்பட்டது. டெல்டா என்னும் மற்றொரு வடிவம் டெல்டா கரோட்டினைப் பெருக்கிச் செவ்வாரஞ்சு நிறம் தருகிறது.

வெளித்தோற்றத்தால் இவற்றைப் பிரித்தறிவது கடினம். ஆனால் பயன் வேறு: பீட்டா கரோட்டின் உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும், புரோலைக்கோப்பீன் அவ்வாறு மாறாது. நிறத்தை மட்டும் வைத்து ஓர் ஆரஞ்சுத் தக்காளியை வைட்டமின் ஏ மிகுந்தது என்று கூற இயலாது. பீட்டா மரபணு முற்றிலும் செயலிழந்த ரகங்களில் நேர்மாறாக லைக்கோப்பீன் கூடி அடர்சிவப்பு நிறம் வருகிறது; வணிகத்தில் இது கிரிம்சன் எனப்படுகிறது.

கறுப்பு, பழுப்பு, பழுத்த பச்சை

பழுக்கும்போது பச்சையத்தைச் சிதைக்கத் தூண்டும் புரதம் சில ரகங்களில் குறைபட்டிருக்கும். லைக்கோப்பீன் வழக்கம்போல் சேரும், பச்சையமும் நீங்காது. சிவப்பும் பச்சையும் கலந்து மங்கிய கருஞ்சிவப்பு தோன்றும். இத்தகைய பழங்களே ‘கறுப்புத் தக்காளி’ என விற்கப்படுகின்றன. அவற்றை நறுக்கினால் விதைகளைச் சுற்றியுள்ள கூழ் பச்சையாக இருப்பது முக்கிய அடையாளம்.

இங்கும் தோலே பெயரை முடிவு செய்கிறது. நிறமற்ற தோல் அமைந்தால் பழம் ஊதா கலந்த கருஞ்சிவப்பாகவும், மஞ்சள் தோல் அமைந்தால் பழுப்பாகவும் தெரியும். அமெரிக்கத் தோட்டக்கலை எழுத்தாளர் கிரெய்க் லஹூலியர் 1990இல் டென்னசியிலிருந்து வந்த விதைக்குச் செரோக்கி பர்ப்பிள் என்று பெயரிட்டார். அது நிறமற்ற தோல் கொண்டது. பின்னர் அதிலிருந்து இயற்கைத் திடீர்மாற்றத்தால் மஞ்சள் தோல் கொண்ட பழம் தோன்றியது. அதற்குச் செரோக்கி சாக்லேட் என்னும் பெயர் அமைந்தது.

பச்சையம் நீங்காத பண்போடு லைக்கோப்பீன் உருவாகாத பண்பும் சேர்ந்தால் பழம் முழுதும் பழுத்தும் பச்சையாகவே இருக்கும். மஞ்சள் தோல் இருந்தால் பழுத்ததற்கு அடையாளமாகத் தேன்மஞ்சள் சாயல் படரும். நிறமற்ற தோலில் அந்த அடையாளமும் இராது; பழம் கைக்கு நெகிழ்ந்து கொடுப்பதைக் கொண்டே பறிக்க வேண்டும்.

ஊதாவும் நீலமும்

‘ஊதா’ என்னும் பெயர் வேறு வகைத் தக்காளிகளுக்கும் வழங்குவதால் குழப்பம் மிகுதி. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 2012இல் வெளியிட்ட இண்டிகோ ரோஸ் ரகத்தில் ஆந்தோசயனின் என்னும் நிறமி உருவாகிறது. கத்தரிக்காய்த் தோலின் ஊதாவுக்கும் இந்த வகை நிறமியே காரணம். காட்டுத் தக்காளி இனங்களின் மரபணுக்களை வழக்கமான கலப்பு முறையில் சேர்த்து இந்த ரகம் உருவாக்கப்பட்டது. ஒளி படும் இடத்தில் மட்டுமே நிறமி தோன்றுவதால், இலை மறைத்த பகுதியிலும் புல்லிவட்டத்தின் அடியிலும் ஊதா இராது. உள்ளே சதை சிவப்பாகவே இருக்கும்.

இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் மையத்தில் காத்தி மார்ட்டின் குழுவினர் 2008இல் அறிவித்த மரபணு மாற்றத் தக்காளியில், ஸ்னாப்டிராகன் பூச்செடியின் இரு மரபணுக்கள் சேர்க்கப்பட்டதால் சதையும் ஊதாவாகிறது. அமெரிக்க வேளாண் துறை 2022இல் இதைப் பயிரிடுவதற்கான தடையை நீக்கியது. ஆகவே ஊதாத் தக்காளி என்றால் பச்சையம் கலந்த செரோக்கி பர்ப்பிள் வகையா, தோலில் ஆந்தோசயனின் உள்ளதா, சதையிலும் உள்ளதா என்று குறிப்பிடுவது அவசியம்.

வரிகளும் இருநிறமும்

டாம் வாக்னர் உருவாக்கிய கிரீன் ஸீப்ராவில் அடர்பச்சையும் வெளிர்பச்சையும் நெடுக்கு வரிகளாக அமைகின்றன. பழுத்தபின் இடைவெளிகள் மஞ்சளாகின்றன. பைனாப்பிள், பிக் ரெயின்போ போன்றவற்றில் மஞ்சள் சதையினுள் சிவப்புக் கீற்றுகள் ஓடும். அந்தச் சிவப்பு பெரும்பாலும் பழத்தின் அடிமுனையிலிருந்து தொடங்கும். காயின் காம்பை ஒட்டிய அடர்பச்சைத் தோள் தனியே குறிக்கப்பட வேண்டிய பண்பு. தமிழ்நாட்டின் பி.கே.எம். 1 ரகத்தில் இதைக் காணலாம். ஒரே சீராக வெளிறிய காய் தரும் ரகங்களில், பசுங்கணிக வளர்ச்சியைத் தூண்டும் ஒரு மரபணு செயலிழந்திருப்பது 2012இல் கண்டறியப்பட்டது.

பழுக்கும் நிலையும் சூழலும்

ரகத்தின் நிறமும் பழுக்கும் நிலையின் நிறமும் வேறானவை. அமெரிக்க வேளாண் துறையின் தரநிர்ணயம் சிவப்பு வகைத் தக்காளியை ஆறு நிலைகளாகப் பிரிக்கிறது: பச்சை, 10 விழுக்காடுவரை நிறம் மாறிய தொடக்க நிலை, 10 முதல் 30 விழுக்காடுவரை மாறிய திரும்பு நிலை, 30 முதல் 60 விழுக்காடுவரை இளஞ்சிவப்பு நிலை, 60 முதல் 90 விழுக்காடுவரை வெளிர்சிவப்பு நிலை, அதற்கு மேல் சிவப்பு நிலை. தமிழ்நாட்டுச் சந்தைகளில் செங்காய் எனப்படுவது இடைப்பட்ட நிலைகளே. இந்தப் பட்டியலின் ‘இளஞ்சிவப்பு’ பாதி பழுத்த நிலையைக் குறிப்பது. நிறமற்ற தோல் கொண்ட இளஞ்சிவப்பு ரகத்தோடு அதற்குத் தொடர்பில்லை.

வெப்பநிலை 30 பாகை செல்சியசுக்கு மேல் நீடித்தால் லைக்கோப்பீன் உருவாவது தடைப்படும். பீட்டா கரோட்டின் உருவாவது தொடரும். கடுங்கோடையில் சிவப்பு ரகமும் மஞ்சளோடிய ஆரஞ்சாகப் பழுப்பதற்கு இதுவே காரணம். வெயிலில் வெந்த பழத்தை வைத்து ரகத்தின் நிறத்தை முடிவு செய்யக் கூடாது.

அளவிடலும் பதிவும்

நிறத்தைப் பதிவு செய்ய அச்சிட்ட நிற அட்டைகளும் கருவிகளும் பயன்படுகின்றன. இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைச் சங்கத்தின் நிற அட்டைத் தொகுப்பு தாவர விவரிப்பில் பரவலாக வழங்குகிறது. ஆய்வகங்களில் 1976இல் வரையறுக்கப்பட்ட சீலேப் முறை வழக்கில் உள்ளது. இதில் ஓர் எண் வெளிச்ச அளவையும், இரண்டாவது பச்சையிலிருந்து சிவப்புவரையும், மூன்றாவது நீலத்திலிருந்து மஞ்சள்வரையும் குறிக்கின்றன. தக்காளி பழுக்கும்போது இரண்டாவது எண் எதிர்மறையிலிருந்து நேர்மறைக்கு மாறும். முழுப்பழத்தின் மேல் வைக்கும் கருவி தோலையும் சதையையும் சேர்த்தே அளக்கும். வரியுள்ள பழத்தில் பல இடங்களில் அளந்தாக வேண்டும்.

பன்னாட்டுத் தாவர மரபுவள நிறுவனம் 1996இல் வெளியிட்ட தக்காளி விவரிப்புப் பட்டியல், பழத்தின் வெளிநிறம், சதையின் நிறம், தோலின் நிறம், பச்சைத் தோள் ஆகியவற்றைத் தனித்தனிப் பண்புகளாகக் கொண்டது. தோலுக்கு அதில் இரண்டே வகைகள்: நிறமற்றது, மஞ்சள்.

நடைமுறையில், செடியிலேயே முழுதும் பழுத்த பல பழங்களைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தோலை உரித்து, உட்புறச் சதையை வழித்தெடுத்து, வெள்ளைத் தாள்மேல் வைத்தால் மஞ்சளா நிறமற்றதா என்பது தெளியும். பிறகு குறுக்கே வெட்டிச் சதையையும் விதைக்கூழையும் நோக்கி, கடைசியாக வரி, தோள், ஊதா படர்ந்த இடங்களைக் குறிக்கலாம். செரோக்கி பர்ப்பிளின் விவரிப்பு இந்த முறையில் ‘நிறமற்ற தோல், பச்சையம் எஞ்சிய சிவப்புச் சதை, பச்சை விதைக்கூழ், தோற்றம் ஊதா கலந்த கருஞ்சிவப்பு’ என்று அமையும்.