சிவப்புத் தாள் மிட்டாயும் நம் கடைப் பெயர்களும்

ரஜூலா கப்பலில் ஊருக்குப் போன காலத்திலும் சரி, இன்று விமானத்தில் போகும்போதும் சரி, பெட்டியின் ஓரத்தில் கோடாலித் தைலம் வைக்காமல் நம் வீடுகளில் யாரும் புறப்படுவதில்லை. மாமிக்கு இரண்டு, பெரியம்மாவுக்கு ஒன்று, பக்கத்து வீட்டுக்கு ஒன்று என்று கணக்குப் போட்டுத்தான் வாங்குவோம். புட்டியின் மேல் ஆங்கிலத்திலும் சீனத்திலும் என்ன எழுதியிருக்கிறது என்று நம் பாட்டிமார் கேட்டதில்லை. கோடாலிப் படம் இருந்தால் அதுதான் தைலம்; இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். 1928-இல் சிங்கப்பூரில் சீன நிறுவனம் ஒன்று தொடங்கிய சரக்கு அது. படத்தை அவர்கள் வைத்தார்கள். பெயரை நாம் வைத்துக்கொண்டோம்.

நம் வணிகர்களின் வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டார்கள். முழு வரலாறு எழுத ஒரு மலர் போதாது. ஆகவே அதன் ஒரு மூலையை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம். ஒரு சரக்கின் மார்க்கும் ஒரு கடையின் பெயரும் யாருக்குச் சொந்தம்? அதைச் சட்டம் எப்படிக் காக்கிறது? நாம் எங்கே அசட்டையாக இருந்துவிட்டோம்?

இந்தத் தீவில் கடை வைத்த நம் முன்னோர் பலருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. வாங்க வந்த சீனருக்கும் மலாய்க்காரருக்கும் அப்படியே. வாணிபம் படத்தால்தான் நடந்தது. மலாயில் மார்க்கைச் 'சாப்' என்பார்கள்; இந்துஸ்தானியில் முத்திரையைக் குறிக்கும் 'சாப்'பிலிருந்து வந்த சொல் அது. சரபத்துக் கடைகளில் தேநீருக்கு ஊற்றிய பால் டின்னில் ஒரு பெண் தலையில் பால்வாளி சுமந்து நிற்பாள். சுவிட்சர்லாந்து நிறுவனம் அதற்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் வைத்திருந்தாலும், இங்கே அது 'சாப் ஜுன்ஜோங்', அதாவது தலைச்சுமை மார்க்கு. எடுபிடிப் பையனிடம் அப்படிச் சொன்னால்தான் சரியான டின் வரும்.

நாம் கொண்டுவந்து விற்ற கைலிகளும் அப்படித்தான். அரபு ஸ்திரீட்டில் மலாய்க்காரர் 'காயின் பெலிக்காட்' என்று கேட்டு வாங்கும் கட்டம் போட்ட கைலியின் பெயர், சோழமண்டலக் கரையிலுள்ள பழவேற்காட்டின் பெயரிலிருந்து வந்தது. ஊர்ப் பெயர் துணியின் பொதுப் பெயராகிவிட்டதால் எந்தத் தனிக் கடையும் அதை எனக்கு மட்டும் என்று சொல்ல முடியாது. ஆகவே ஒவ்வொரு வணிகரும் மடிப்பின் மேல் தம்முடைய லேபிளை ஒட்டினார். வாங்குகிறவர் கையால் தடவிப் பார்ப்பதற்கு முன் லேபிளைத்தான் பார்த்தார்.

படம் பார்த்து வாங்குகிறவர்களை ஏமாற்றுவது எளிது. இதை ஆங்கிலேய நீதிமன்றங்கள் உணர்ந்ததும் நம் பக்கத்துச் சரக்கு ஒன்றால்தான். ஸ்காட்லாந்தில் சிவப்புச் சாயம் ஏற்றிய நூலை ஆர் யூயிங் என்ற நிறுவனம் பம்பாய்க்கும் ஏடனுக்கும் அனுப்பிவந்தது. அதன் சீட்டில் இரண்டு யானைகள். பம்பாய்ச் சந்தையில் அந்த நூலுக்கே 'பே ஹாத்தி', இரண்டு யானை, என்று பெயர் நிலைத்துவிட்டது. பிறகு ஜான்ஸ்டன் என்ற மற்றொரு நிறுவனமும் இரண்டு யானை போட்ட சீட்டோடு அதே சந்தைக்கு நூல் அனுப்பியது. அலங்காரம் வேறு, நிறுவனப் பெயர் வேறு. இலண்டனில் இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர் ஏமாறமாட்டார். ஆனால் நூல் வாங்குகிறவர் இலண்டனில் இல்லை. 'இரண்டு யானை கொடு' என்று கேட்கும் பம்பாய் வாடிக்கையாளருக்கு எது போய்ச் சேரும் என்பதுதான் கேள்வி என்று கொண்டு, 1882-இல் பிரபுக்கள் சபை ஆர் யூயிங் பக்கம் தீர்ப்பளித்தது.

அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1842-இல், ஒருவன் தன் சரக்கைப் பிறர் சரக்கு என்று காட்டி விற்கக் கூடாது என்ற நெறியை ஆங்கில நீதிபதி லாங்டேல் பிரபு சொல்லிவிட்டார். பதிவேடு பின்னால்தான் வந்தது. 1875-இல் சட்டம் இயற்றி, 1876 ஜனவரி 1 அன்று இலண்டனில் முதல் குறியைப் பதிந்தார்கள். அது ஒரு பீர் ஆலையின் சிவப்பு முக்கோணம். நமக்கு வேண்டாத சரக்கு என்றாலும் வரலாற்றிலிருந்து அதை எடுத்துவிட முடியாது!

நம் பக்கம் அந்தப் பதிவேடு வர இன்னும் அறுபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அதுவரை இங்குள்ள வணிகர்கள் செய்தித்தாளில் எச்சரிக்கை விளம்பரம் போட்டார்கள்: இது எங்கள் மார்க்கு, போலி செய்கிறவர் மேல் வழக்குத் தொடுப்போம் என்று. காசு உள்ளவர் போட்டார். மற்றவர் வாடிக்கையாளரின் நம்பிக்கையைக் கொண்டு காலம் தள்ளினார். சிங்கப்பூரின் வணிகக் குறிச் சட்டம் 1938-இல் நிறைவேறி 1939-இல் நடைமுறைக்கு வந்தது. மூன்று ஆண்டு கழித்து ஜப்பானியர் வந்தார்கள். மார்க்கைப் பற்றி யோசிக்க அப்போது யாருக்கு நேரம்?

போருக்குப் பிறகு வந்த ஒரு வழக்கை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். அது நம் தெருக்களில் நடந்த வாணிபத்தைப் பற்றியது. இருமல் மிட்டாய் வழக்கு என்று நாம் சொல்லலாம். இங்கிலாந்தின் ஒயிட் ஹட்சன் நிறுவனம் 'ஹேக்ஸ்' என்ற இருமல் மிட்டாயைச் சிவப்புத் தாளில் சுற்றிச் சிங்கப்பூரில் விற்றுவந்தது. பிறகு ஏசியன் ஆர்கனைசேஷன் என்ற நிறுவனம் 'பெக்டோ' என்ற மிட்டாயை அதேபோன்ற சிவப்புத் தாளில் கொண்டுவந்தது. தாளின் மேல் பெயர் தெளிவாகத்தான் அச்சிட்டிருந்தது. ஹேக்ஸ் என்பதும் பெக்டோ என்பதும் ஒன்றுபோல் ஒலிக்கிற சொற்களும் அல்ல. ஆங்கிலம் படித்தவர் ஒருவரும் குழம்பமாட்டார்.

ஆனால் பெட்டிக் கடைக்கு வந்து வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலம் படிக்காத சீனர், மலாய்க்காரர், இந்தியர். அவர்கள் ஹேக்ஸ் என்று கேட்கவே இல்லை. சிவப்புத் தாள் இருமல் மிட்டாய் என்றுதான் கேட்டார்கள். வழக்கு இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் வரை போயிற்று. 1964-இல் அங்கே முடிவானது இதுதான்: யார் வாங்குகிறாரோ அவர் கண்ணால்தான் பார்க்க வேண்டும், எழுத்துத் தெரியாதவருக்கு அந்தச் சிவப்புத் தாளே மார்க்கு. ஒயிட் ஹட்சன் வென்றது.

இந்த வழக்கைப் படித்தபோது எங்களுக்குப் பெருமையும் வந்தது, கொஞ்சம் சங்கடமும் வந்தது. பெருமை எதற்கென்றால், நாளைக்குப் பத்துக் காசு மிட்டாய் வாங்கிய நம் தாத்தாக்களின் பேச்சு வழக்கு இலண்டன் நீதிபதிகளின் மேசைக்குப் போய், இன்றும் சட்ட மாணவர்கள் படிக்கும் தீர்ப்பாகியிருக்கிறது. சங்கடம் எதற்கென்றால், அந்தத் தாத்தாக்களின் அறியாமையை வைத்துத் தம் மார்க்கைக் காத்துக்கொண்டது ஆங்கிலேய நிறுவனம். நம் கடைக்காரர்கள் தம் மார்க்கைக் காக்க எந்தப் படியும் ஏறவில்லை.

ஏன் ஏறவில்லை என்று மூத்தவர்களைக் கேட்டால், "அதான் லைசென்ஸ் எடுத்திருக்கோமே" என்பார்கள். தப்பு இங்கேதான். கடையின் பெயரை வணிகப் பதிவகத்தில் பதிவது ஒன்று; அந்தப் பெயரை வணிகக் குறியாகப் பதிவது வேறொன்று. முதலாவது, இன்ன ஆள் இன்ன பெயரில் தொழில் நடத்துகிறார் என்று அரசாங்கத்துக்குத் தெரிவிப்பது மட்டுமே. அதனால் பெயர் உங்கள் சொத்தாகிவிடாது. இரண்டாவதுதான் சொத்து. இங்கும் மலேசியாவிலும் அது பத்து ஆண்டுக்குச் செல்லும். கட்டணம் கட்டிக் கட்டி எத்தனை தலைமுறைக்கும் புதுப்பிக்கலாம். தமிழ் எழுத்திலேயே பதியலாம். உச்சரிப்பையும் பொருளையும் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பாலத்துக்கு இந்தப் பக்கம் பதிந்தது அந்தப் பக்கம் செல்லாது. ஜொகூரில் மச்சான் கிளை திறந்தால் அங்கே தனியாகப் பதிய வேண்டும்.

பதியாதவருக்கு வழியே இல்லை என்று சொல்லவில்லை. சிவப்புத் தாள் வழக்கின் வழி இன்றும் திறந்திருக்கிறது. அதில் நம் பெயருக்குச் சந்தையில் மதிப்பு உண்டு, எதிராளியால் மக்கள் ஏமாறுகிறார்கள், அதனால் நமக்கு நட்டம் என்று மூன்றையும் நாமே நிரூபிக்க வேண்டும். பெரிய பெயர் உள்ளவருக்கும் இது எளிதல்ல. கோலாலம்பூர் ஜாலான் ஈப்போவில் 1999-இல் ஓர் இந்தியத் தம்பதியர் 'மெக்கரி' என்று உணவகம் திறந்தார்கள். மலேசியன் சிக்கன் கறி என்பதன் சுருக்கம் என்றார்கள். மெக்டொனால்ட்ஸ் வழக்குப் போட்டது. 2006-இல் உயர் நீதிமன்றத்தில் பெரிய நிறுவனம் வென்றது. 2009 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது: பலகை வேறு, கட்டைவிரல் காட்டும் கோழிப் படம் வேறு, மீன் தலைக் கறி தின்ன வருகிறவர் பர்கர் கடை என்று நினைத்து வருவதில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் கூட்டரசு நீதிமன்றமும் மேற்கொண்டு முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது. அன்றைக்கு நம் சாப்பாட்டுக் கடைகளில் வேறு பேச்சே இல்லை.

இனி நம் வீட்டுக் கதை ஒன்று. குடும்பத்தாரின் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் எழுதுகிறோம். நம் சங்கத்தின் ஆரம்பகால உறுப்பினர் ஒருவர் மசாலாத் தூள் அரைத்து விற்றார். எல்லாரும் அவரை நானா என்றுதான் அழைப்போம். பழுப்புத் தாள் பொட்டலத்தில் ரப்பர் முத்திரையால் பாய்மரக் கப்பல் ஒன்றை அச்சடிப்பார். பிறகு பிளாஸ்டிக் பை வந்தபோதும் கப்பல் மாறவில்லை. சாப்பாட்டுக் கடைக்காரர்கள் கப்பல் தூள் என்று கேட்டு வாங்கினார்கள். நானா மௌத்தான பிறகு, நீண்ட நாள் சரக்கெடுத்து விற்ற ஏஜெண்ட் ஒருவர் அந்தக் கப்பலைத் தம் பெயரில் பதிய விண்ணப்பித்தார். விண்ணப்பம் வெளியாகி இரண்டு மாதத்துக்குள் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் நம் உறுப்பினர் ஒருவர் கண்ணில் அது பட்டிராவிட்டால் குடும்பத்துக்குத் தெரிந்தே இருக்காது.

வழக்கறிஞர் முதலில் கேட்டது பழைய ரசீதுகளை. கடைவீட்டைக் காலி செய்து அடுக்குமாடிக்கு மாறியபோது ரசீதுக் கட்டுகளையெல்லாம் காராங்குனிக்காரரிடம் போட்டாயிற்று. முத்திரையும் போயிற்று. குடும்பம் கைபிசைந்து நின்றபோது, நம் சங்கத்தின் பத்தாம் ஆண்டு மலர் ஒன்று மற்றொரு உறுப்பினரின் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் கிடைத்தது. கடைசிப் பக்கங்களில் அரைப்பக்க வாழ்த்து விளம்பரம்: கப்பல், கடை முகவரி, நானாவின் பெயர். ஒரு விளம்பரம் மட்டும் போதாது. இரண்டு சாப்பாட்டுக் கடைக்காரர்கள், தாங்கள் எந்த ஆண்டிலிருந்து கப்பல் தூள் வாங்குகிறோம் என்று சத்தியப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். அவற்றையெல்லாம் பார்த்த ஏஜெண்ட் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார்.

அதற்குப் பிறகுதான் பெரிய சிக்கல் தொடங்கியது. குடும்பமே பதியலாம் என்றதும், யார் பெயரில் என்ற கேள்வி வந்தது. கடையை நடத்துகிற மூத்தவர், தம் பெயரில் என்றார். அதுவரை வாயைத் திறக்காத மகள், "அத்தாவின் வீடு, ரொக்கம், நகை எல்லாவற்றையும் முறைப்படி பங்கு வைத்தோமே, கப்பல் மட்டும் யாருக்கு வந்தது?" என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. குறியும் சொத்துதான், விற்கலாம், வாடகைக்கு விடலாம், வாரிசுகளுக்குப் போகும். வாரிசுப் பங்கு எழுதும்போது அதை ஒரு வரியாக எழுத வேண்டும் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கிறது? கடைசியில் எல்லாப் பிள்ளைகளும் பங்குதாரர்களாக ஒரு கம்பெனி தொடங்கி அதன் பெயரில் கப்பலைப் பதிந்தார்கள். உம்மாவின் யோசனை அது.

இம்மலரின் கடைசிப் பக்கங்களிலும் வழக்கம்போல வாழ்த்து விளம்பரங்கள் வருகின்றன. இம்முறை மலர்க்குழுவினர், கடைப் படத்தையும் மார்க்கையும் புழக்கத்தில் உள்ளபடியே அனுப்புமாறும், தொடங்கிய ஆண்டைக் குறிப்பிடுமாறும் கேட்டுக்கொண்டார்கள். பெரும்பாலோர் அனுப்பினார்கள். ஒருவர் மட்டும், ஆண்டு ஞாபகமில்லை, அத்தா கல்யாணத்துக்கு முந்தி என்று எழுதியிருந்தார். அப்படியே அச்சிடச் சொல்லிவிட்டோம்.