கோரமண்டல்: தங்கவயலில் ஒரு சோழப் பெயர்

பங்காரப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் போகும் ரயில் ஊரிகத்துக்கு முன்னால் நிற்கும் நிலையம் கோரமண்டல். கடலே இல்லாத கோலார் தங்கவயலில் கிழக்குக் கடற்கரையின் பெயர்!

இதன் மூலம் 'சோழமண்டலம்'. 1510இல் வெளியான இத்தாலியப் பயணி வர்த்தேமாவின் நூலில் அது 'சோரொமண்டெல்' என்று ஒலிக்கிறது. ழகரம் ரகரமாகிவிட்டது, சகரம் பிழைத்திருந்தது. போர்ச்சுக்கீசியர் அந்தச் சகரத்துக்கு எழுதிய எழுத்துகளைப் பிற ஐரோப்பியர் ககரமாக வாசித்தபோது சோழனின் அடையாளமே அழிந்தது. பழவேற்காட்டுக்கு அருகிலுள்ள கரிமணல் என்ற ஊரே மூலம் என்று வாதிட்டவர்களும் உண்டு. சகரத்தில் தொடங்கும் பழைய வடிவங்கள் அதற்கு இடம் தரவில்லை.

கிரேக்கத் தீவான எவியாவுக்கும் இப்படி நேர்ந்தது. அதன் நீரிணையின் பெயர் எவ்ரிபோஸ், பேச்சில் எக்ரிபோஸ். முன்சொல்லின் னகரம் அதோடு ஒட்டிக்கொள்ள, அங்கிருந்த பாலத்தையும் மனத்தில் கொண்ட வெனிசியர் அதை 'நெக்ரோபோன்தே' ஆக்கினர். அவர்கள் மொழியில் 'கரும்பாலம்' என்று பொருள். 1470இல் தீவு உதுமானியர் கைக்குப் போன பின்னும் மேற்கே அந்தப் பெயர் நீடித்தது.

கோரமண்டலும் ஊர் கடந்தது. 1820இல் அப்பெயர் கொண்ட பிரிட்டிஷ் கப்பல் மரம் ஏற்ற நியூசிலாந்து போனது. அங்கே ஒரு தீபகற்பமே இன்று கோரமண்டல். தங்கவயலில் அது ஒரு சுரங்கப் பகுதிக்கும் ரயில் நிலையத்துக்கும் பெயரானது. வடஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து சுரங்கத்தில் இறங்கிய தமிழர்கள் அந்தப் பெயரை அன்றாடம் சொன்னார்கள்.

ஆனால் இந்த மண்ணுக்கு அது புதிய பெயரல்ல. சோழராட்சியில் கோலார் வட்டாரம் 'நிகரிலிச் சோழமண்டலத்துக் குவளால நாடு'. குவளாலமே கோலார். 'நிகரிலிச் சோழன்' முதலாம் இராஜராஜனின் விருதுப்பெயர். கோலாரம்மா கோயிலில் இராஜேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் இன்றும் உள்ளன. ஐரோப்பிய நாவில் உருமாறிய சொல், தான் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வழங்கிய நிலத்துக்குத்தான் ரயிலேறித் திரும்பியிருக்கிறது.

2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. வேலைக்காக பெங்களூருக்கு ரயிலேறும் ஊரிகத்துப் பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றைப் பள்ளியிலேயே சொல்ல வேண்டும். தினமும் கடக்கும் நிலையத்தின் பெயர் தங்கள் மொழியில் பிறந்தது என்பதை அறிய அவர்களுக்கு முழு உரிமை உண்டு.