மருந்து முதல் வந்தது, கேள்வி பிறகு வந்தது

புற்றுநோய் மருந்துகளின் வரலாறு எண்டால் பெரும்பாலும் கண்டுபிடித்த விஞ்ஞானியோட கதை முடிஞ்சிடும். அந்த மருந்தைச் சரியான ஆளுக்குக் குடுக்க ஆஸ்பத்திரிகள் எப்படிப் பழகின எண்டு ஆரும் பெரிசாக் கதைக்கிறதில்லை. நுரையீரல் புற்றுநோயில் அந்த இரண்டாவது கதைதான் முக்கியம் எண்டது என்ர எண்ணம்.

2002 யூலையில் ஜெஃபிற்றினிப் என்ற குளிசைக்கு உலகிலேயே முதலாவதாக ஜப்பான் அனுமதி வழங்கியது. கீமோதெரபி வேகமாகப் பிரியும் கலங்களையெல்லாம் தாக்கும். இந்தக் குளிசையோ ஈ.ஜி.எவ்.ஆர். என்ற ஒரு புரதத்தை மட்டும் குறிவைத்தது. வீட்டிலிருந்தே விழுங்கலாம். ஆனா சில மாதங்களிலேயே, மருந்தெடுத்தவர்கள் நுரையீரல் அழற்சியால் இறப்பதாகச் செய்திகள் வந்தன. ஒக்ரோபரில் அவசர எச்சரிக்கை விடுக்கப்பட்டது. குடும்பங்கள் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 இல் தோற்றது.

2003 மே மாதம் அமெரிக்காவும் அனுமதித்தது. அதற்கு ஆதாரமான ஆய்வில் பத்துப் பேரில் கிட்டத்தட்ட ஒருவருக்குத்தான் கட்டி சுருங்கியிருந்தது. ஆர் அந்த ஒருவர்? ஏன் அவருக்கு மட்டும்? மருந்து கடைக்கு வந்த பிறகும் இதற்குப் பதில் இருக்கேல்லை.

பதில் 2004 இல் பொஸ்டனிலிருந்து வந்தது. மசசூசெற்ஸ் பொது மருத்துவமனை ஆய்வாளர்கள், மருந்துக்குக் கட்டி சுருங்கிய 9 பேரின் இழையத்தைப் பரிசோதித்தார்கள். 8 பேரில் ஈ.ஜி.எவ்.ஆர். பரம்பரையலகில் விகாரம் இருந்தது. சுருங்காத 7 பேரில் ஒருவரிடமும் இல்லை. ஆனா அதே ஆண்டு முடிவு வெளியான ஒரு பெரிய ஆய்வில், விகாரம் பார்த்து ஆட்களைத் தெரிவு செய்திருக்கவில்லை. மொத்தமாகப் பார்த்தபோது மருந்து ஆயுளைக் குறிப்பிடத்தக்க அளவு நீட்டவில்லை. 2005 இல் அமெரிக்கா அதன் பாவனையைக் கட்டுப்படுத்தியது.

2009 இல் ஆசிய நாடுகளில் 1,217 பேரிடம் நடந்த ஐபாஸ் ஆய்வு விசயத்தைத் தெளிவாக்கியது. விகாரம் உள்ளவர்களில் குளிசை கீமோவை விட நீண்ட நாள் நோயைக் கட்டுப்படுத்தியது. விகாரம் இல்லாதவர்களில் கீமோதான் தெளிவாக மேல். ஒரே குளிசை ஒருவருக்கு உதவி, மற்றவருக்கு நாள் வீண். இவர்கள் எல்லாரும் புகைக்காத, அல்லது குறைவாகப் புகைத்த ஆசியர்கள். அப்படியிருந்தும் பரிசோதிக்கப்பட்டவர்களில் 60 வீதமானோரிடம்தான் விகாரம் இருந்தது. ஆளைப் பார்த்து ஊகிக்கிற வைத்தியம் பத்தில் நாலு பேருக்குப் பிழைச்சுப்போகும்.

இன்னொரு இலக்கத்தையும் கவனியுங்கோ. 1,217 பேரில் விகாரத்தைப் பரிசோதித்து முடிவு சொல்ல முடிந்தது 437 பேருக்குத்தான்.

பயிற்சி எண்ட சொல்லுக்கு அர்த்தம் இங்கதான் வருது. ஊசியால் இழையம் எடுப்பவர் போதுமான அளவு எடுக்கப் பழக வேணும். நோயியல் வைத்தியர் அந்தச் சின்னத் துண்டைப் புற்றுநோயின் வகை பார்க்கவே முடிச்சிடாமல், விகாரப் பரிசோதனைக்கு மிச்சம் பிடிக்க வேணும். சிகிச்சை வைத்தியர், முடியுமான இடத்தில், முடிவு வரும்வரை பொறுக்க வேணும். தாதியர் தோலில் வரும் பருக்களையும் திடீர் மூச்சுத்திணறலையும் வேறுபடுத்தத் தெரிந்திருக்க வேணும். முதலாவதைச் சமாளிக்கலாம், இரண்டாவதுக்கு உடனே மருந்தை நிறுத்த வேண்டும். இதில் ஒருவர் பழகாவிட்டாலும் மற்றவர்களின் திறமை பயன்படாது.

2013 இல் மூன்று மருத்துவ அமைப்புகள் சேர்ந்து வழிகாட்டி வெளியிட்டன. அடினோகார்சினோமா வகை நோயாளருக்கு ஆண், பெண், இனம், புகைப்பழக்கம் பார்த்துப் பரிசோதனையை மறுக்கக் கூடாது, முடிவு இரண்டு வாரத்துக்குள் வர வேண்டும் என்றன. 2015 இல் அமெரிக்கா அதே குளிசையை மீண்டும் அனுமதித்தது, இந்த முறை விகாரம் உள்ளவர்களுக்கு மட்டும்.

இந்த 13 வருசத்தில் குளிசை மாறவில்லை, அதைக் கொடுப்பவர்கள்தான் மாறினார்கள். இனி புதுப் புற்றுநோய் மருந்து வந்திட்டுது எண்டு செய்தி வந்தால், விலையோட சேர்த்து இதையும் கேளுங்கோ: ஆருக்கு எண்டு கண்டுபிடிக்கிற பரிசோதனை இருக்கோ, அதைச் செய்யப் பழகின ஆக்கள் இருக்கினமோ?