சேதுக் கடலின் தூரமும் நேரமும்

சென்னைக்கும் கொழும்புக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 680 கிலோமீட்டர். விமானம் அதனை ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் கடக்கிறது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையேயுள்ள கடலோ சுமார் 30 கிலோமீட்டரே. எனினும் இக்கடலைக் கடக்கும் காலம் எல்லாருக்கும் ஒன்றாயிருந்ததில்லை என்பதை வரலாறு காட்டுகிறது.

19ஆம் நூற்றாண்டில் தோணியேறி மன்னாரை அடைந்த தோட்டத் தொழிலாளர், காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். கொள்ளைநோயாலும் பசியாலும் வழியில் மடிந்தோர் பலர். 1850களில் தோன்றிய தமிழ்க் கூலி மிஷனில் பணியாற்றத் திருநெல்வேலி உபதேசிமாரும் அக்கரை சென்றனர். அதற்கு முன்னரே, 1834இல், யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனெரிமார் இக்கரை வந்து மதுரை மிஷனைத் தொடங்கியிருந்தனர். ஆகவே இக்கடல் நம் திருச்சபைகளைப் பிரித்த எல்லையாக அன்றி, இணைத்த பாதையாகவே இருந்தது.

1914 பிப்ரவரி 24இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. மாலையில் எழும்பூரில் 'போட் மெயில்' ஏறியவர், மறுநாள் தனுஷ்கோடியில் நீராவிக் கப்பலுக்கு மாறி, தலைமன்னாரில் இரவு ரயில் பிடித்து, அடுத்த காலையில் கொழும்பை அடைந்தார். இது வசதியுள்ள பயணியின் கணக்கு. தொழிலாளியோ மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய தொற்றுத்தடுப்பு முகாமில் சில நாட்கள் தங்கவைக்கப்பட்ட பின்னரே கடல் கடக்கலாம். பாதை ஒன்று, காலக்கணக்கு இரண்டு.

1947 டிசம்பர் 10இல் ஏர் சிலோன் தன் முதல் விமானத்தைக் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு இயக்கியது. 1964ஆம் ஆண்டோ இருவகையில் இடியாக வந்தது. அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. டிசம்பர் 22 இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்து, நூற்றுக்கு மேற்பட்டோருடன் ஒரு ரயிலையும் விழுங்கியது. அதன்பின் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலே தாயகம் திரும்பியோரைச் சுமந்தது. அவர்களுள் பலர் தங்கள் தாயகத்தை அன்றுதான் முதன்முதலாகக் கண்டனர். 1980களின் முற்பகுதியில் போர்ச்சூழலால் அக்கப்பலும் நின்றது. 1983க்குப்பின் அகதிகள் இரவில் படகுகளில் இதே கரையில் வந்திறங்கினர். மண்டபம் மீண்டும் முகாமாயிற்று.

2019இல் சென்னை–யாழ்ப்பாணம் விமானமும், 2023இல் நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலும் தொடங்கின. 2025இல் பாம்பனில் புதிய ரயில்பாலம் திறக்கப்பட்டது. ஆயினும் முகாமிலேயே பிறந்து வளர்ந்து, எந்நாட்டின் கடவுச்சீட்டும் இல்லாதவருக்கு ஒன்றரை மணி நேரப் பயணம் இன்றும் எட்டாதது. அயலான் யார் என்ற நியாயசாஸ்திரியின் கேள்விக்கு நம் ஆண்டவர் மைல்கணக்கில் விடையளிக்கவில்லை; வழியில் கிடந்தவனைக் காட்டினார். சேதுக்கரையில் ஊழியம் செய்யச் செல்லும் இறையியல் மாணவர் தூரத்தை அளக்க வேண்டிய முறையும் இதுவே.