பூங்காவின் பெயரால்

செல்வந்தர் வாழும் கடற்கரைப் புறநகர்களில் வீடு வாங்க வருவோரைக் கவர்பவை மணற்பரப்பும் பூங்காக்களும் நல்ல பாடசாலைகளுமாம். ஆனால் அவ்வசதிகள் எவரை விலக்கி எழுந்தன என்பதை விலைப்பத்திரம் கூறாது, வரலாறே கூறும்.

கலிபோர்ணியாவில், லொஸ் ஏஞ்சல்ஸுக்குத் தென்மேற்கே உள்ள மன்ஹற்றன் பீச் நகரை நோக்குவோம். 1912இல் வில்லா புரூஸ் என்ற கறுப்பினப் பெண்மணி அங்கு 1,225 டொலருக்குக் கடலோரக் காணியொன்றை வாங்கினார். ஏனைய கடற்கரைகளில் இடம் மறுக்கப்பட்ட தம் இனத்தவருக்காக, அவரும் கணவர் சார்ள்ஸும் உணவகமும் நடன மண்டபமும் கொண்ட விடுதியொன்றை நடத்தினர். அயலில் வேறு கறுப்பினக் குடும்பங்களும் குடியேறின. வெள்ளையர் சிலர் மிரட்டினர், தொல்லை கொடுத்தனர். அவர்கள் அசையவில்லை.

மிரட்டலால் முடியாததைச் சட்டம் முடித்தது. 1924இல் நகரசபை, பொதுப் பூங்கா அமைப்பதாகக் கூறி அக்காணிகளைக் கட்டாயமாகச் சுவீகரிக்கத் தீர்மானித்தது. விடுதி இடிக்கப்பட்டது. புரூஸ் தம்பதியர் கேட்ட நட்டஈடு 120,000 டொலர், கிடைத்தது 14,500. அவசரமெனச் சொல்லப்பட்ட பூங்காவோ உடனே எழவில்லை. பறித்த நிலம் பல்லாண்டுகள் வெறுமையாய்க் கிடந்தது.

நீண்ட கோரிக்கையின் பின் 2022இல் புரூஸ் குடும்பக் காணி வாரிசுகளிடம் மீண்டது. மறு ஆண்டே அவர்கள் அதனை ஏறக்குறைய 2 கோடி டொலருக்கு அரசாங்கத்துக்கே விற்றனர். காணியின் விலை திரும்பிற்று. சிதைக்கப்பட்ட சமூகம் திரும்பவில்லை.

பூங்காக்கள் வேண்டாம் என்பதன்று நமது வாதம். ‘பொது நன்மை’ என்ற சொல் ஒலிக்கும்போதெல்லாம், அந்தப் பொதுவில் எவர் அடங்குவர், எவர் அடங்கார் எனக் கேட்பது நமது கடமை.