சாரா பர்க்

பனியைச் சினிமாவில் மட்டுமே பார்த்தவன் நான். இருந்தும் இந்தக் கனடாப் பெண்ணைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீளவாக்கில் பிளந்த குழாய் போல ஒரு பனிப்பள்ளம். இருபுறமும் 22 அடிச் சுவர். பனிச்சறுக்குப் பலகைகளோடு சுவர்மேல் சீறிப் பாய்ந்து, அந்தரத்தில் சுழன்று, அதே சுவரில் இறங்க வேண்டும். ஹாஃப்பைப் என்று பெயர். 1982இல் பிறந்த சாரா இதில் இறங்கியபோது பெண்களுக்குத் தனிப் போட்டியே அரிது. ஆண்களோடு மோதினார். எங்களுக்கும் இடம் கொடுங்கள் என்று அமைப்பாளர்களை விடாமல் நச்சரித்தார். இடம் கிடைத்ததும் 2005இல் உலகச் சாம்பியன். எக்ஸ் கேம்ஸில் நான்கு தங்கம். போட்டியில் மூன்று முழுச் சுற்று சுழன்று இறங்கிய முதல் பெண்ணும் அவரே.

ஒலிம்பிக் மட்டும் பாக்கி. அதற்கும் பல ஆண்டுகள் போராடினார். 2011 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது, ஆண்களுக்கும் சேர்த்து!

2012 ஜனவரி 10. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பயிற்சியில் விழுந்தார். கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து இதயம் நின்றது. ஒன்பதாம் நாள் போய்விட்டார். வயது 29.

2014 சோச்சி ஒலிம்பிக்கில் அவர் நினைவாகத் தலைக்கவசத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டக்கூட அனுமதியில்லை. விதியாம். போட்டியன்று பள்ளத்தைச் சீர்செய்யும் பணியாளர்கள் இதய வடிவில் அணிவகுத்துச் சறுக்கி வந்தார்கள். அதற்கு எந்த விதியும் குறுக்கே வரவில்லை.

அன்று வெள்ளி வென்றவர் பிரான்ஸின் மாரி மார்ட்டினோ. ஓய்வுபெற்று, குழந்தையும் பெற்றிருந்தவரை மீண்டும் களத்துக்கு வரச் சொன்னவர் சாராதான்.