நாற்பத்திரண்டாம் இலக்கம்

விளையாட்டு வீரரைச் சிறப்பித்தற்கு உலகம் கண்ட வழிகள் பல. கிண்ணம் வழங்குவர், பொற்பதக்கம் சூட்டுவர், அரங்குக்கு அவர் பெயரை இடுவர், சிலை எடுப்பர். இவை யாவும் ஒன்றைக் கொடுத்துச் செய்யும் சிறப்புகளாகும். ஐக்கிய அமெரிக்க நாட்டுப் பேஸ்போல் ஆட்டத்தில் வழங்கும் முறையொன்று இவற்றினின்றும் வேறுபட்டது. புகழ் பெற்ற வீரர் ஒருவர் தம் சட்டையின் முதுகிலே தாங்கிய இலக்கத்தை அவருக்குப் பின் எவருக்குங் கொடாது நிறுத்திவிடுவர். இதனை இலக்கத்துக்கு ஓய்வளித்தல் என அந்நாட்டார் கூறுவர்.

இலக்கங்கள் தோன்றிய வரலாறு மிகவும் எளியது. பேஸ்போல் என்பது ஒன்பதின்மர் கொண்ட இரண்டு அணிகள் ஆடுவது. பந்தை மட்டையால் அடித்து நான்கு தளங்களையுஞ் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். நெடுங்காலம் ஆட்டக்காரர் இலக்கமின்றியே ஆடினர். தொலைவிலிருந்து பார்ப்போர் இன்னார் இவரென அறிய உதவும் பொருட்டு 1929ஆம் ஆண்டில் நியூயோர்க் யாங்கீஸ் கழகத்தார் தம் வீரர் அனைவர்க்கும் நிலையான இலக்கங்களை வகுத்தனர். பந்தடிக்க வரும் வரிசையே இலக்கமாயிற்று. மூன்றாவதாக வந்த பேப் றூத்துக்கு 3. நான்காவதாக வந்த லூ கெரிக்குக்கு 4. கணக்கரின் வசதிக்கென எழுந்த இவ்வேற்பாட்டிற் புகழுக்கு இடமிருக்குமென எவரும் அன்று எண்ணியிரார்.

கெரிக் 2,130 ஆட்டங்களை இடையறாது ஆடியவர். தசைகளைச் சிறிது சிறிதாகச் செயலிழக்கச் செய்யும் கொடிய நரம்பு நோய் அவரை 1939இல் ஆட்டத்தினின்றும் விலக்கியது. அவ்வாண்டு யூலை 4ஆந் திகதி யாங்கீஸ் அரங்கிலே பெருந்திரளான மக்கள் கூடி அவரைப் பாராட்டினர். அவருக்குப் பின் அவ்வணியில் எவரும் 4ஐ அணிந்திலர். பெருங் கழகங்களுள் இவ்வாறு நிறுத்தப்பட்ட முதல் இலக்கம் இதுவே. கெரிக் 1941இல் மறைந்தார். 1948 யூன் மாதத்தில் றூத்தின் 3ஆம் இலக்கத்துக்கு ஓய்வளித்தனர். இரண்டு மாதங்களில் அவரும் மறைந்தார். ஆக, தொடக்கத்தில் இச்சிறப்பு இறப்பை எதிர்நோக்கி நின்றோர்க்குச் செய்த பிரியாவிடையாகவே அமைந்தது.

ஜாக்கி றொபின்சன் அணிந்த 42ஆம் இலக்கத்தின் வரலாறு இவற்றினும் ஆழமானது. 1884இல் தொலீடோ அணிக்கு ஆடிய வோக்கர் சகோதரருக்குப் பின் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பெருங் கழகங்கள் எதிலுங் கறுப்பினத்தார் இடம்பெற்றிலர். இத்தடை எந்தச் சட்ட நூலிலும் எழுதப்பட்டதன்று. கழக உரிமையாளர் தம்முள் மௌனமாகக் கொண்ட உடன்பாடு. எழுதிய சட்டமாயின் நீதிமன்றஞ் சென்று எதிர்க்கலாம். எழுதாத ஒன்றை எங்குச் சென்று எதிர்ப்பது? கறுப்பின வீரர் தமக்கெனத் தனிச் சங்கங்கள் அமைத்து ஆடினர்.

றொபின்சன் 1919இல் ஜோர்ஜியா மாநிலத்திற் பிறந்து, கலிபோர்னியாவில் வளர்ந்து, லொஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்தில் நான்கு விளையாட்டுக்களிற் சிறந்து விளங்கியவர். இராணுவ அதிகாரியாகப் பணியாற்றுங் காலத்து, 1944இல், ரெக்சாஸ் மாநிலப் படைமுகாமொன்றில் பஸ் வண்டியின் பின்வரிசைக்குச் செல்ல மறுத்தமைக்காக இராணுவ நீதிமன்றின் முன் நிறுத்தப்பட்டு, குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டார். அடங்கிப் போகும் இயல்பினரல்லர் என்பதற்கு இதனினுஞ் சான்று வேண்டுவதில்லை. அத்தகையவரையே புறூக்கிளின் டொட்ஜர்ஸ் கழகத்தை நடத்திய பிறாஞ்ச் றிக்கி 1945இல் தேர்ந்தெடுத்தார். எவர் எவ்வாறு இகழினுந் திருப்பித் தாக்கலாகாது என்பது றிக்கி விதித்த நிபந்தனை. ஓராண்டு மொன்றியல் அணியில் ஆடியபின், 1947 ஏப்பிரல் 15ஆந் திகதி 42ஆம் இலக்கச் சட்டையுடன் புறூக்கிளின் அரங்கில் அவர் இறங்கினார்.

அப்பருவத்தில் அவர் தாங்கிய இகழ்ச்சி கொஞ்சமன்று. பிலடெல்பியா அணியின் முகாமையாளரே தம் ஆட்டக்காரருடன் சேர்ந்து அவரை இனத்தின் பெயரால் வசைபாடினார். எதிரணியினர் அவர் உடலை நோக்கிப் பந்தெறிந்தனர்; கொலை மிரட்டற் கடிதங்களும் வந்தன. அவர் விடை பகர்ந்தது கால்களாலும் மட்டையாலுமே. அவ்வாண்டின் சிறந்த புதுமுக வீரர் என்னும் விருது அவருக்குக் கிடைத்தது. 1949இல் ஆயிரத்துக்கு 342 என்னும் விகிதத்திற் பந்தடித்து, 37 முறை தளங் கவர்ந்து, தேசிய லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரரெனத் தெரியப்பட்டார். 1955இல் டொட்ஜர்ஸ் அணி உலகத் தொடரை வென்றது. மறுவருட முடிவிற் கழகம் அவரைத் தன் நெடுநாட் பகையாகிய ஜயன்ற்ஸ் அணிக்கு மாற்ற முற்பட்டது. அவரோ ஆட்டத்தினின்றும் ஓய்வு பெற்றார். 1962இற் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டது. எனினும் பெருங் கழகம் எதுவும் அணியை நடத்தும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்ததில்லை.

1972 யூன் 4ஆந் திகதி, லொஸ் ஏஞ்சல்சுக்குக் குடிபெயர்ந்திருந்த டொட்ஜர்ஸ் கழகம் 42ஆம் இலக்கத்துக்கு ஓய்வளித்தது. றோய் கம்பனெல்லாவின் 39, சாண்டி கோபாக்சின் 32 ஆகியனவும் அன்றே ஓய்வு பெற்றன. அப்போது றொபின்சனுக்கு வயது ஐம்பத்து மூன்று. நீரிழிவு நோயாற் கண்ணொளி பெரிதுங் குன்றியிருந்தது. அவ்வாண்டு ஒக்ரோபர் 15ஆந் திகதி சின்சினாற்றியில் நடந்த உலகத் தொடர் ஆட்டத்தின்போது, அவர் நுழைவின் இருபத்தைந்தாண்டு நிறைவை முன்னிட்டு மீண்டுஞ் சிறப்புச் செய்தனர். நன்றி கூறிய றொபின்சன், கறுப்பினத்தவர் ஒருவர் அணியை நடத்துவதைக் காணும் நாளிலேயே தம் மகிழ்ச்சி மேலும் பெருகும் என்று அவை நடுவே கூறினார். ஒன்பது நாட்களின் பின் உயிர் நீத்தார்.

இவ்விடத்து ஒன்றைக் கருதுதல் தகும். ஓர் இலக்கத்தை எவருக்குங் கொடாதிருத்தல் கழகத்துக்கு எவ்வித இழப்புமில்லாத செயல். ஒரு பதவியைக் கொடுத்தலோ அதிகாரத்தைப் பங்கிடுதலாகும். றொபின்சன் வேண்டியது இரண்டாவதை. அவருக்குக் கிடைத்தது முதலாவது. அவர் வேண்டிய நாள் 1975இல் வந்தது. பிராங்க் றொபின்சன் கிளீவ்லாந்து அணியின் முகாமையாளராய் அமர்ந்தார். பெயர் ஒத்திருப்பினும் உறவினரல்லர். இரண்டாவது கறுப்பின முகாமையாளர் 1978இற் சிக்காகோ வைற் சொக்ஸ் அணியை ஏற்ற லாறி டோபி. ஜாக்கி நுழைந்து மூன்று மாதங் கழியுமுன், 1947 யூலையில், அமெரிக்கன் லீக்கில் அடியெடுத்து வைத்த முதற் கறுப்பினத்தவரும் இவரே. அதே வசைகளை அவருந் தாங்கினார். ஆயினும் அவருடைய 14ஆம் இலக்கத்துக்குக் கிளீவ்லாந்து 1994இலேயே ஓய்வளித்தது. இரண்டாவதாக வருவோரை வரலாறு எளிதில் மறந்துவிடுகின்றது.

1997 ஏப்பிரல் 15ஆந் திகதி, ஐம்பதாண்டு நிறைவன்று, நியூயோர்க் ஷே அரங்கில் ஆட்டத்தை இடையிலே நிறுத்தி, சனாதிபதி கிளின்ரனும் றொபின்சனின் துணைவியார் றேச்சலும் நிற்க, 42ஆம் இலக்கம் எல்லாப் பெருங் கழகங்களிலும் ஓய்வு பெறுமென அறிவித்தனர். அந்நாட்டின் பெருவிளையாட்டு எதிலும் அதற்குமுன் ஓர் இலக்கம் அனைத்துக் கழகங்களிலும் நிறுத்தப்பட்டதில்லை. அன்று அவ்விலக்கத்தை அணிந்திருந்தோர் மட்டுந் தொடர்ந்து அணிய இசைவு பெற்றனர்.

2007இல் கென் கிரிபி என்னும் வீரர், ஏப்பிரல் 15ஆந் திகதி ஒரு நாள் மட்டும் 42ஐ அணிய இசைவு வேண்டினார். 2009 முதலாக அந்நாளில் ஆட்டக்காரர் அனைவரும் அவ்விலக்கத்தையே அணிகின்றனர். ஆட்களைப் பிரித்தறிவதற்கென வந்த இலக்கம், அந்த ஒரு நாளில் எவரையும் பிரித்துக் காட்டுவதில்லை. அவ்வாறு அணிவோருள் அமெரிக்கக் கறுப்பினத்தாரின் தொகையோ குறைந்துவிட்டது. 1980களின் தொடக்கத்தில் நூற்றுக்குப் பதினெட்டளவில் இருந்தவர்கள் 2023ஆம் ஆண்டுப் பருவத் தொடக்கத்தில் ஏழுக்குங் குறைந்தனர். சிறுவர் ஆட்டத்தைப் பயில்வதற்காகும் பெருஞ் செலவும், கூடைப்பந்து முதலிய பிற ஆட்டங்களின் கவர்ச்சியும் இதற்குக் காரணங்களெனக் கூறுவர். மறுபுறத்திலே டொமினிக்கன் குடியரசு, வெனிசுவேலா முதலிய நாடுகளிலிருந்து வந்த வீரர் பெருகினர். அவர்களுட் கருநிறத்தோர் யாவருக்கும் 1947க்கு முன் அக்கதவு அடைத்தே இருந்தது.

இசைவு பெற்று 42ஐ அணிந்தோருள் இறுதியாக எஞ்சியவர் பனாமா நாட்டு மீனவர் ஒருவரின் மகனான மரியானோ றிவேரா. யாங்கீஸ் அணிக்குப் பந்தெறிந்த அவர் 2013இல் ஓய்வு பெற்றார். அவ்வாண்டு செப்ரெம்பர் 22ஆந் திகதி அக்கழகம் அவர் பொருட்டும் 42க்கு ஓய்வளித்தது. யாங்கீஸ் அரங்கின் நினைவுப் பூங்காவில் அவ்விலக்கம் றொபின்சனுக்கென ஒன்றும் றிவேராவுக்கென ஒன்றுமாக இரு முறை பொறிக்கப்பட்டிருக்கின்றது.